பெரியவரின் வாய்

அந்தப் பக்கம் காலை நீட்டாதீர்கள். பெரியவர் இருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள், காலை மட்டும் இப்படி மடக்கிக்கொள்ளுங்கள். பல்லக்கில் திரை போட்டிருக்கிறது. அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். கூட வந்திருக்கும் உறவுக்காரர்கள்தான் நினைப்பார்கள்.

பாலம் இன்றைக்கு ஆகாது. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். புல்லைத் திரித்துத் திரித்து வடமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வடம்தான் அக்கரை போய்ச் சேர்ந்திருக்கிறது. நாளை மறுநாள் என்கிறார்கள். உப்பு மூட்டையை அந்த மேடான இடத்தில் வையுங்கள், இந்தச் சத்திரத்தில் சுவரெல்லாம் ஓதம். நீங்கள் கடற்கரைக்காரர் என்று மூட்டையை இறக்கும்போதே கண்டுகொண்டேன். நம் பக்கத்து ஆள்தான் அப்படி முனகிக்கொண்டே இறக்குவான். ஆமாம், நானும் அங்கேதான். நம் பாஷையில் நாலு வார்த்தை பேசி எத்தனை நாளாயிற்று. நீங்கள் பதில்கூடச் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இன்காவின் படை நம் பக்கம் வந்தபோது எனக்கு ஏழு வயது. ஊர்த்தலைவர் மகன் என்று என்னைக் குஸ்கோவுக்குக் கூட்டிப்போனார்கள். இழுத்துப்போனார்கள் என்று சொன்னால் பாவம். நல்ல சாப்பாடு, நல்ல துணி, நாலு வருஷம் பள்ளிக்கூடம். நாடு முழுக்கத் தலைவர் வீட்டுப் பிள்ளைகளை அப்படித்தான் தலைநகரில் சேர்த்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் ஏதாவது கலகம் செய்தால் எங்களை என்ன செய்வார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. ஊர்களும் ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு பாஷையும் சரளமாக வந்ததால் அரசரிடம் வேலை கிடைத்தது. அரசர் என்றால் இதோ திரைக்குள் இருக்கிறாரே, இவர்தான். அப்போது உயிரோடு இருந்தார். இன்கா நேரே யாரிடமும் பேச மாட்டார், தெரியுமா. முன்னால் மெல்லிய துணி ஒன்றைப் பிடித்திருப்பார்கள். எத்தனை பெரிய தலைவனாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகில் ஒரு சுமையைக் கட்டிக்கொண்டு, குனிந்துதான் உள்ளே வர வேண்டும். சுமை எவ்வளவு என்று யாரும் பார்க்கப்போவதில்லை. ஒரு கட்டு வைக்கோல் போதும். ஆனால் முதுகில் இருக்க வேண்டும். துணிக்குப் பின்னாலிருந்து அரசர் மெல்லச் சொல்வார். நான் முன்னால் நின்று உரக்கச் சொல்வேன். வந்தவன் நம் ஆளாக இருந்தால் நம் பாஷையிலும் ஒரு தரம். பதினோரு வருஷம். ஒரு வார்த்தை கூட்டியதில்லை, ஒரு வார்த்தை குறைத்ததில்லை.

பிறகு அவர் போய்விட்டார்.

இங்கேதான் நம் ஊர் ஆட்களுக்குக் குழம்பும். நம் பக்கம் அப்பன் செத்தால் வீடும் கொல்லையும் மகனுக்கு. இவர்களிடம் அப்படி இல்லை. மகனுக்கு அதிகாரம் மட்டும்தான். நெற்றியில் கட்டும் சிவப்புக் குஞ்சம், படை, சாலை, அவ்வளவே. அரண்மனை, சோளக்கொல்லை, லாமா மந்தை, தறிக்காரர்கள், சோளக் கள் காய்ச்சுகிறவர்கள், நாங்கள் எல்லாரும் இறந்தவருக்கே சொந்தம். உடலைப் பதப்படுத்தி, நல்ல துணி சுற்றி, உட்கார வைத்துவிடுவார்கள். அவர் வீட்டிலேயே இருப்பார். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேளாவேளைக்கு அவர் பங்குச் சாப்பாட்டை அவர் முன்னால் நெருப்பில் இடுவோம், கள் ஊற்றுவோம். திருவிழாவில் சதுக்கத்துக்குப் போவார், மற்ற பழைய அரசர்களோடு உட்காருவார். அறுவடைக்குத் தன் பள்ளத்தாக்குக்குப் போவார். இப்போது அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம்.

அதனால் புதிதாக வரும் அரசருக்குச் சொந்தமாக ஒரு சோளக்கதிர்கூட இருக்காது. உடனே படையைத் திரட்டிக்கொண்டு புது நாடு பிடிக்கக் கிளம்பிவிடுவார். உங்கள் ஊரும் என் ஊரும் அப்படிப் பிடிபட்டதுதான். யாரோ ஒரு மகனுக்குக் குடியிருக்க வீடில்லாமல் போனதால்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், மெல்ல.

இறந்தவர் எப்படிப் பேசுவார் என்றுதானே பார்க்கிறீர்கள். என் வழியாக. அவர் குரல் எனக்குப் பழக்கம் என்று என்னையே வைத்துக்கொண்டார்கள். பல்லக்குக்கு இடப்பக்கம் ஒரு மணை, அதுதான் என் இடம். என்னை எல்லாரும் வாய் என்றே கூப்பிடுகிறார்கள். யாராவது சுமையோடு வந்து கேட்பார்கள். நான் கோக்கா இலையை மென்றுகொண்டு காத்திருப்பேன். சொல் வரும். வந்ததைச் சொல்வேன். முன்பு காதில் கேட்டுச் சொன்னேன், இப்போது கேட்காமல் சொல்கிறேன். அதுதான் வித்தியாசம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு, இதைச் சொல் அதைச் சொல் என்று சொல்லிக்கொடுத்தது கிடையாது. பெரியவரின் தம்பி தித்து எசமான்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், அதோ அந்த நெருப்புக்குப் பக்கத்தில் காது வளையம் மின்ன உட்கார்ந்திருக்கிறாரே, அவர். மிகவும் கண்ணியமானவர். பெரிய விஷயம் ஏதாவது வருவதற்கு முதல் நாள் என் வீட்டுக்கு வருவார். எதிரில் உட்காருவார். "அண்ணனுக்கு அந்த மேட்டு நிலத்து மேல எப்பவும் ஒரு பிரியம்" என்பார். அவ்வளவுதான். கள் குடிப்பார், போய்விடுவார். மறுநாள் கேட்டால் பெரியவருக்கும் அந்த நிலத்தை விட மனசிருக்காது. அண்ணன் தம்பி அல்லவா, ஒரே மாதிரித்தானே நினைப்பார்கள்.

என் மகள் பில்கு பெரியவருக்கு ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். பறவை இறகில் செய்த விசிறி. காலையிலிருந்து பொழுது சாயும்வரை கை ஓயாது. பதினாறு வயது அப்போது. நல்ல வாயாடி. பெரியவருக்கு எந்தக் கள் பிடிக்கும், எந்தப் பழைய அரசரைப் பார்த்தால் முகம் சுளிப்பார் என்றெல்லாம் கதை கட்டுவாள். திருவிழாவில் அவரைச் சதுக்கத்தில் உட்கார வைத்திருந்தபோது, வடக்கு எல்லையில் ஜெயித்துவிட்டு வந்த தளபதி ஒருவர் அவளைப் பார்த்திருக்கிறார். பெரியவரைக் கும்பிட வந்தவர் விசிறியைப் பார்த்துவிட்டுப் போனார்.

இளையவர், அதாவது பெரியவரின் மகன், இப்போதைய அரசர், ஜெயித்த தளபதியிடம் என்ன வேண்டும் என்று கேட்கிற வழக்கம் உண்டு. நிலம் தரலாம், துணி தரலாம், பெண் தரலாம். பெண் தந்துவிட்டால் அவன் கட்டுப்பட்டவன். நாட்டைக் கட்டி வைத்திருப்பதே அதில்தான் பாதி. தளபதி பில்குவைக் கேட்டார். இளையவருக்கு என்ன கஷ்டம், தரலாமே. ஆனால் பில்கு அவருடையவள் இல்லை. பெரியவர் வீட்டுப் பெண். பெரியவரைத்தான் கேட்க வேண்டும்.

செய்தி ஒரு மாதம் முன்பே எங்கள் காதுக்கு வந்துவிட்டது. என் மனைவி ஓக்யோ அன்றைக்கே சொன்னாள்.

"பக்கத்து வீட்டு அஸ்தோவுக்குக் கட்டி வச்சிடலாம். கல்யாணம் ஆன பொண்ண யாரும் கேக்க மாட்டாங்க."

அஸ்தோ தறிக்காரர் மகன், தங்கமான பையன், ஒரு வருஷமாகவே எங்கள் வாசலில் விறகு கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தான். நான் மறுக்கவில்லையே. ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பெரியவர் சம்மதம் வேண்டும். அவன் அப்பா முறைப்படி சுமை கட்டிக்கொண்டு வந்து கேட்டார். முதல் நாள் தித்து எசமான் வந்து, "அறுவடை முடியாம இந்த வீட்டுல எந்தக் காலத்துல கல்யாணம் பண்ணாங்க" என்று ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் வந்த சொல்லும் அதுதான். அறுவடை முடியட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஓக்யோ அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன். அவர் சொன்னார்."

"இருபது வருஷமா உங்க பக்கத்துல படுத்திருக்கேன். தூக்கத்துல கூட நீங்க அவர் குரல்ல பேசறவர். எது உங்க வாய், எது அவர் வாய்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறீங்களா?"

"தெரிஞ்சா சொல்லு. எனக்கே தெரியல."

அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பில்குதான் சமாதானம் செய்தாள். "ரெண்டு பேரும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறீங்க. ஈ விரட்டறதுல என்னை மிஞ்ச ஆள் உண்டா? அவர் என்னை விடவே மாட்டார். பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். அத்தனை நிச்சயம் அவளுக்கு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விடமாட்டார் என்றுதான் நானும் இருந்தேன்.

இளையவர் கேட்க வருவதற்கு முதல் நாள் தித்து எசமான் வந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். பில்குதான் கள் கொண்டுவந்து வைத்தாள். அவளைப் பார்த்து, "நல்லா வளந்துட்டா" என்றார். பிறகு என்னிடம், "போன வருஷம் இளையவர் மேட்டு நிலத்தைக் கேட்டார். அண்ணன் இல்லேன்னுட்டார். ஒரு பிள்ளைக்கு எத்தனை தரம்தான் இல்லேன்னு சொல்றது" என்றார். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினோம். அவர் போகும்போது என் தோளைத் தொட்டார். அதற்கு முன்னால் தொட்டதில்லை.

மறுநாள் இளையவர் வந்தார். நாடே நடுங்கும் ஆள், உடுத்திய துணியை மறுமுறை உடுத்தாத ஆள், செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகில் சின்னக் கட்டு ஒன்றோடு, அப்பா முன்னால் குனிந்து நின்றார். அதைப் பார்த்தால் உங்களுக்கு இந்த ராஜ்ஜியம் எப்படி நடக்கிறது என்று புரிந்துபோகும். எல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் மேலே இருப்பவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவர் பேசுவதில்லை.

"அப்பா, உங்க வீட்டுப் பெண் ஒருத்தியைத் தளபதிக்குக் கொடுக்கணும். அனுமதி வேணும்" என்றார்.

நான் இலையை மென்றேன். காத்திருந்தேன். வலப்பக்கம் பில்கு விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பெரியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இதோ சொல்லப்போகிறார் என்று. எனக்கும் அப்படித்தான், இல்லை என்ற சொல் வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இளையவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். தித்து எசமான் லேசாக இருமினார்.

"கொடுத்தேன்."

அவர் குரல்தான். உயிரோடு இருந்தபோது தலைவர்களுக்கு நாடு கொடுப்பாரே, அதே குரல். விசிறி நின்றுவிட்டது. ஒரு ஈ வந்து பெரியவர் கன்னத்தில் உட்கார்ந்தது. அத்தனை பேர் இருக்கிறோம், யாருக்கும் விரட்டத் தோன்றவில்லை. பிறகு பில்குவே கையை எடுத்து விரட்டினாள்.

அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை, தெரியுமா. அதைச் சொல்ல வேண்டும். என் மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவரைத்தான் கோபித்துக்கொண்டாள். புறப்படும் அன்று எல்லாரும் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். "அவர் என்கூடப் பேச வேணாம்" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஓக்யோ எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டே வரவில்லை.

வடக்கு எல்லை குஸ்கோவிலிருந்து நாற்பது நாள் நடை. ஒரு வருஷம் கழித்து லாமா ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் மூலம் தகவல் வந்தது. ஒரு குழந்தை பிறந்ததாம். தங்கவில்லையாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. ஓக்யோ அவரை உட்கார வைத்து, சாப்பாடு போட்டு, அவ்வளவுதானா அவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் தளபதி மேல் இளையவருக்குச் சந்தேகம் வந்தது. எல்லையில் நாலு ஊர்த் தலைவர்கள் அவர் முன்னாலும் சுமை கட்டிக்கொண்டு வந்தார்களாம். போதாதா. தளபதி தலை போயிற்று. வீடு கலைந்தது. வீட்டிலிருந்த பெண்களை என்ன செய்வது என்றால், அவர்களைக் கொடுத்த வீட்டார் திருப்பிக் கேட்டால் அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதத்துக்குள் யாரும் கேட்காவிட்டால் அடுத்து வருகிற தளபதிக்கு.

கொடுத்தவர் யார்? பெரியவர். அவர்தான் திருப்பிக் கேட்க வேண்டும்.

இந்த முறை நானே தித்து எசமானிடம் போனேன். என் ஆயுசில் முதல் தரமாக நானாகப் போனேன். என் பெண்ணுக்காகப் பெரியவரிடம் மனுப் போட வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.

"நீயே கேட்டு நீயே பதில் சொல்லுவியா? பொண்டாட்டியக் கேக்கச் சொல்லு. அண்ணன் என்ன சொல்றாரோ அதுக்கு நாங்க கட்டுப்படறோம். ஒரு பொண்ணு திரும்பி வந்தா எங்களுக்கென்ன நஷ்டம்?"

நின்றபடியே சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வருவார் என்று மணை போட்டு வைத்தேன். கள்ளும் வடித்து வைத்தேன். வரவில்லை. "எதுக்கு அவரு? அதான் சரின்னுட்டாரே" என்றாள் ஓக்யோ. இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன். பில்குவின் பழைய போர்வையை எடுத்து வெயிலில் போட்டாள்.

காலையில் அவள் வந்தாள். வைக்கோல் கட்டு போதும் என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டு அரைகல்லை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். கூடம் நிறையப் பெரியவரின் உறவுக்காரர்கள், எல்லாரும் தெரிந்தவர்கள்தான், அவள் காய்ச்சிய கள்ளைக் குடித்தவர்கள். வெறுங்காலோடு வந்து நின்றாள்.

"சாமி, என் பொண்ணத் திருப்பிக் கேளுங்க."

பெரியவரைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் கண் என் மேல் இருந்தது.

நான் இலையை மென்றேன். காத்திருந்தேன்.

என்ன சொல்வது உங்களுக்கு. ஒன்றும் வரவில்லை. என் தொண்டைக்குள் எவ்வளவோ இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது முழுக்க என்னுடையது. என்னுடையதை எடுத்து அவர் சொல் என்று கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? திருட்டு. இருபது வருஷமாக ஒரு சொல் திருடாதவன் நான். யாருமே தடுக்கவில்லை, அதுதான் கொடுமை. யாராவது தடுத்திருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு கிழவர், "சொல்லேன்யா" என்றே சொல்லிவிட்டார். அவரை மற்றவர்கள் அடக்கினார்கள். தித்து எசமான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

வெயில் கிழக்குச் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. தரையைக் கடந்து மேற்குச் சுவரில் ஏறியது. இடையில் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். ஓக்யோ நின்றுகொண்டே இருந்தாள். கல்லின் கயிறு தோளில் அறுத்து, துணி நனைந்து தெரிந்தது. உட்காரச் சொல்ல எனக்கு வாயில்லை. மணையில் இருக்கும்போது நான் எனக்காகப் பேசக் கூடாது.

கடைசியில் அவள் முடிச்சை அவிழ்த்தாள். கல்லை மெதுவாகத் தரையில் வைத்தாள், சத்தம் வராமல். நிமிர்ந்தாள். அன்றைக்கு முதல் தரமாக என்னிடம் பேசினாள்.

"சரி. நீங்க இருங்க. நான் போய்ப் பாக்கறேன்."

செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போகிற பக்கமில்லை, வடக்கு வாசல் வழியாகப் போனாள். நாற்பது நாள் நடை என்று அவளுக்குத் தெரியும். அனுமதி இல்லாமல் சாலையில் நடந்தால் பிடிப்பார்கள் என்றும் தெரியும். பெரியவருக்கு மாலைக் கள் ஊற்றும்வரை நான் மணையை விட்டு எழுந்திருக்க முடியாது. அப்படி ஒரு ஏற்பாடு.

அவள் முற்றத்தைத் தாண்டியிருக்க மாட்டாள். அப்போதுதான் வந்தது.

"கூட்டி வாருங்கள். அவள் என் வீட்டுப் பெண். கூட்டி வாருங்கள்."

உரக்க. அப்படி ஒரு குரல் அவர் உயிரோடு இருந்தபோதுகூட வந்ததில்லை. கூடத்தில் எதிரொலித்தது. ஆனால் பாருங்கள், கேட்டவள் சுமையை இறக்கிவிட்டாள். சுமை இறங்கின பிறகு வருகிற சொல் தீர்ப்பு ஆகாது. அது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம், ஒரு இலை மெல்லுகிற நேரம், அவள் நின்றிருந்தால்.

பில்கு போன பிறகு ஈ விரட்ட ஒரு அம்மாளை வைத்திருந்தார்கள், பாதி தூங்கிக்கொண்டே விசிறுவாள். கூடத்தில் நானும் அவளும்தான். திடுக்கிட்டு விழித்து, "பெரியவர் ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. இலைச்சாறு தொண்டையில இறங்கிடுச்சு" என்றேன்.

எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.